கையெழுத்து போடத் தெரிந்தால் போதுமா? பனியன் தொழிலாளர்களுக்கு 200 மணி நேர எழுத்தறிவு வகுப்பு: முழு விவரம்

சனிக்கிழமை இரவு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நேரம். செக்கிங், கைமடி, பேக்கிங் வேலை பார்க்கும் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். "இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்று ரிஜிஸ்டர் நீட்டப்படுகிறது. அக்காவும் தன் பெயரை அழகாக எழுதிவிட்டு பணத்தை வாங்கிக்கொண்டு நகர்கிறார்.

ஆனால், அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது? எத்தனை ஷிப்ட் கணக்கு? பி.எஃப்.க்கு எவ்வளவு பிடித்தார்கள்? பெயரை மட்டும் எழுதப் பழகியவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் போட்டது கையெழுத்துதான். ஆனால் அவர் படித்துப் பார்த்துப் போடவில்லை.

திருப்பூர் மாநகராட்சியின் வடக்கில் இருக்கும் நெருப்பெரிச்சலில் இந்தப் பிரச்சினைக்கு இரண்டு முகம் உண்டு. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். அதே ஊரில் பத்திரப்பதிவு அலுவலகமும் இருக்கிறது. ஒரு இடத்தில் சம்பளத்துக்குக் கையெழுத்து, இன்னொரு இடத்தில் சொத்துக்குக் கையெழுத்து. இரண்டு இடத்திலும் படிக்கத் தெரியாதவர், பக்கத்தில் நிற்பவர் சொல்வதை நம்பித்தான் ஆகணும்.

15 வயதைக் கடந்தவர்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள அரசுத் திட்டம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. அது எப்படிச் செயல்படுகிறது? ஒன்றரை ஷிப்ட் வேலை பார்ப்பவர் எப்படிப் படிக்க முடியும்? விரிவாகப் பார்க்கலாம்.

எழுத்தறிவு என்றால் என்ன?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 7 வயது நிறைந்த ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். இதில் முக்கியமான சொல் 'புரிந்துகொண்டு' என்பது. பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர் இந்தக் கணக்கில் வர மாட்டார்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. அதாவது 7 வயதைக் கடந்த பெண்களில் நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் மாவட்டத்தில் எழுத்தறிவு சுமார் 79 சதவீதம்தான். மாநில சராசரியை விட சற்றே குறைவு.

2024-ல் மத்திய கல்வி அமைச்சகம் எழுத்தறிவுக்கான விளக்கத்தை இன்னும் விரிவாக்கியது. படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றோடு பணப் பரிமாற்றம், மொபைல் பயன்பாடு போன்ற வாழ்க்கைத் திறன்களும் இப்போது இதில் சேர்ந்துவிட்டன.

கைநாட்டு, கையெழுத்து: சட்டத்தில் என்ன வித்தியாசம்?

கைநாட்டு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று பலரும் நினைக்கிறார்கள். அதனால் முதலில் பெயரை எழுதப் பழகுகிறார்கள். அது நல்ல தொடக்கம்தான். அதோடு நிறுத்திக்கொண்டால்தான் சிக்கல்.

எழுதத் தெரியாதவர் வைக்கும் கைநாட்டும் சட்டப்படி கையொப்பம்தான். 1897-ம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டமே இதை ஏற்கிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரின் பத்திரம் வழக்காக மாறினால் நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்கும். 'இதில் இருப்பதை அவருக்குப் படித்துக் காட்டினார்களா? புரிந்துகொண்டுதான் வைத்தாரா?' பத்திரத்தால் லாபம் அடைபவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கையெழுத்து போட்டவரின் நிலை வேறு. கையெழுத்து போட்டால், படித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். 'எனக்குப் பேரு மட்டும்தானுங்க எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது' என்று பிறகு நிரூபிப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

அதாவது, படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், கைநாட்டு வைப்பவரை விடச் சில நேரம் பலவீனமான இடத்தில் நிற்கிறார். பெயர் எழுதக் கற்றதோடு படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

சம்பளச் சீட்டில் என்ன படிக்கத் தெரியணும்?

தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதைச் சொல்கிறது. அந்தச் சீட்டைப் படிக்க பெரிய படிப்பு தேவையில்லை. சில சொற்களும் கூட்டல், கழித்தல், பெருக்கலும் போதும்.

மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால், தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். இரண்டும் சேர்த்து 1,785. கைக்கு வர வேண்டியது 12,215.

பீஸ் ரேட் ஆட்களுக்கு இன்னொரு கணக்கு. டஜனுக்கு 30 ரூபாய் ரேட், ஒரு நாளில் 32 டஜன் முடித்தால் 960 ரூபாய். சீட்டில் 30 டஜன் என்று பதிவாகியிருந்தால் 900 ரூபாய்தான் வரும். நாளுக்கு 60 ரூபாய் வித்தியாசம், 6 நாளுக்கு 360 ரூபாய். தவறு வேண்டுமென்றே நடந்ததா, கவனக்குறைவா என்பது அடுத்த விஷயம். தன் கையால் ஒரு சின்ன நோட்டில் டஜன் கணக்கை எழுதி வைத்திருப்பவர்தான் 'அண்ணா, செவ்வாக்கிழமை ரெண்டு டஜன் குறையுது' என்று கேட்க முடியும்.

இ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்து சீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இந்தத் திட்டம் பொருந்தும். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால், தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். பதிவு இல்லை என்று ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் தெரிய வருவதை விட, சம்பளச் சீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது இருக்கும் திட்டம் என்ன?

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கானது. நாடு முழுவதும் 5 கோடி பேருக்கு எழுத்தறிவு கொடுப்பது இலக்கு. ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 700 கோடி, மீதி மாநிலங்களுடையது. 'உல்லாஸ்' என்ற பெயரிலும் இது அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது.

இதற்கு முன்பு 2020-21-ல் 'கற்போம் எழுதுவோம்' இயக்கம் நடந்தது. சுமார் 3 லட்சம் பேரைப் படிக்க வைக்கும் இலக்கோடு அது தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சிதான் இப்போதைய திட்டம்.

முக்கிய அம்சங்கள்:

- 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். மேல் வயது வரம்பு இல்லை.
- மொத்தம் 200 மணி நேரம், சுமார் 6 மாதம்.
- கற்றுத் தருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.
- பெரும்பாலும் அரசுப் பள்ளி வளாகத்தில் வகுப்பு. 100 நாள் வேலை நடக்கும் இடங்களிலும் நடத்தியிருக்கிறார்கள்.
- கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. படிப்பது 50, எழுதுவது 50, கணக்கு 50.
- தேறினால் சான்றிதழ். தேறாவிட்டால் 'முன்னேற்றம் தேவை' என்றுதான் குறிப்பார்கள், மறுபடி எழுதலாம்.

சேர விரும்புபவர் அருகில் இருக்கும் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரையோ வட்டார வள மையத்தையோ கேட்கலாம். உல்லாஸ் செயலி மூலமும் பதிவு செய்யலாம்.

ஒன்றரை ஷிப்ட் வேலைக்கு நடுவே 200 மணி நேரம் எங்கே கிடைக்கும்?

திருப்பூரில் உண்மையான சிக்கல் இதுதான். புத்தகம் இருக்கிறது, வகுப்பு இலவசம். ஆனால் நேரம்?

காலை 8.30-க்கு வேலைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு 8.30 ஆகிவிடும். அதற்குப் பிறகு பஸ், கடை, சமையல், குழந்தைகள். மாலை 6 மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்றால் பனியன் தொழிலாளி வரவே முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மணி நேரத்தை 6 மாதத்தில் முடிக்க, வாரத்துக்கு சுமார் 8 மணி நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2 மணி நேரம் உட்கார்ந்தால் 100 வாரம், கிட்டத்தட்ட 2 வருஷம். ஞாயிறு 2 மணி நேரம், வாரத்தில் மூன்று இரவு ஒவ்வொரு மணி நேரம் என்று வைத்தால் 40 வாரம். இது நடக்கக்கூடியது. ஆனால் அந்த மூன்று இரவும் வகுப்பு, லைன் வீட்டு வாசலிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ நடந்தால்தான் சரிப்படும்.

திட்டத்தில் இதற்குத் தடை இல்லை. தன்னார்வலர் ஒருவர், கற்பவர் நாலைந்து பேர், அவர்களுக்கு வசதியான நேரம் என்று அமைத்துக்கொள்ளலாம். சொந்த மகளே அம்மாவுக்குக் கற்றுத் தரலாம். கம்பெனியும் சாப்பாட்டு இடைவேளையை ஒட்டி அரை மணி நேரம் ஒதுக்கினால், வாரத்துக்கு 3 மணி நேரம் அங்கேயே கிடைத்துவிடும்.

எந்தப் பாடத்தில் தொடங்கணும்?

பெரியவர்களுக்கு 'அ - அம்மா, ஆ - ஆடு' என்று தொடங்கினால் சலிப்புதான் வரும். குழந்தையாக நடத்துகிறார்கள் என்று வெட்கப்பட்டு பாதியில் நின்றுவிடுவார்கள். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள்.

1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃபிரேயர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத் தர முயன்றார். அவர் முறையில் பாடம் தொடங்குவது எழுத்தில் அல்ல, செங்கல் போல மக்கள் தினமும் புழங்கும் சொற்களில்.

தமிழ்நாட்டிலும் இதே வழி. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பங்களிப்போடு அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. அதன் பாடப் புத்தகம் 'பட்டா', 'படி' என்ற சொற்களோடுதான் தொடங்கியது. நிலமில்லாதவருக்கும் நிலத்தைப் பறிகொடுத்தவருக்கும் பட்டா என்ற சொல் ஆழமாகப் பதியும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வகுப்பு தானாக நடக்கும்.

அப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டும் பயிற்சியையும் சேர்த்தார். வகுப்புக்குப் போய்வர, தண்ணீர் எடுத்துவர, விளைபொருளை விற்க என்று அந்த சைக்கிள் பெண்களின் அன்றாடத்தையே மாற்றியது. கல்குவாரிகளில் கூலி வேலை செய்த பெண்கள் குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான்.

நெருப்பெரிச்சலில் ஒரு வகுப்பு தொடங்கினால் முதல் சொற்கள் என்னவாக இருக்கும்? 'பஸ்', 'சம்பளம்', 'டஜன்', 'நூல்', 'வாடகை' போன்றவையாக இருக்கலாம். ஒவ்வொரு சொல்லும் கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. எழுத்து வடிவம் மட்டும்தான் புதுசு.

தமிழில் 247 எழுத்து என்று கேட்டதும் மிரள வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31-ம் தெரிந்து, கால், கொக்கி, கொம்பு போன்ற துணைக்குறிகளும் பழகிவிட்டால் மீதியை சேர்த்துப் படிக்கலாம். கு, கூ வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அதற்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் கொடுக்கணும். ட, ப போல நேர்கோட்டில் எழுதக்கூடிய எழுத்துகளில் தொடங்கினால் கை சீக்கிரம் பழகும்.

கணக்கில் பெரியவர்களுக்கு முன்னறிவு உண்டு. ரூபாய் நோட்டை அடையாளம் காண்பார்கள். பஸ் நம்பர் தெரியும். மனக்கணக்கும் போடுவார்கள். மனதில் போடும் கணக்கைத் தாளில் போடப் பழக்குவதுதான் பாடம்.

கற்றுத் தருபவருக்கு என்னென்ன கிடைக்கும்?

1. எழுத்தறிவுத் திட்டத்தின் பாட நூல். மையத்தில் சேர்பவர்களுக்கு இலவசம்.
2. உல்லாஸ் செயலி, தீக்‌ஷா தளம். வீடியோ பாடங்களும் பயிற்சிகளும் இருக்கின்றன.
3. ஸ்டோரிவீவர் தளம். பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் தமிழ்க் கதைப் புத்தகங்கள். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கானதுதான் என்றாலும், பிள்ளைக்குப் படித்துக் காட்டும் சாக்கில் அம்மாவும் பழகலாம்.
4. கையில் இருக்கும் தாள்கள். சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, கரன்ட் பில், மாத்திரை அட்டை, பஸ் போர்டு, பேங்க் பாஸ்புக்.

நான்காவது விஷயத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைக் கண்டுபிடிப்பதும், பாஸ்புக்கில் வரவு எது, செலவு எது என்று பார்ப்பதும் நல்ல பாடம். புத்தகத்தில் கற்றது இங்கே உடனே பயன்படும்போது, அடுத்த வகுப்புக்கு வர ஆர்வமும் வரும்.

போனே படிச்சுச் சொல்லிடுமே, அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

நியாயமான கேள்வி. கேமராவைக் காட்டினால் தமிழ் எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது. கற்கும்போது உதவிக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் அது எல்லாவற்றையும் செய்யாது. ஓடிபி கேட்டு போன் வருகிறது. வந்த மெசேஜில் 'யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்றுதான் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர் நம்பரை மட்டும் படித்துச் சொல்லிவிடுவார். பணம் போய்விடும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பத்து பக்கப் பத்திரத்துக்கு முன்னால், போனை நீட்டிப் பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இருக்காது. சர்வே எண், பரப்பளவு, தொகை, விற்பனையா அடமானமா என்ற நான்கையும் தன் கண்ணால் பார்க்கத் தெரிவது தனிப் பாதுகாப்பு.

பி.எஃப். விஷயத்திலும் அப்படித்தான். யு.ஏ.என். எண்ணோடு இணைந்த மொபைலில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் மெசேஜாக வரும். அதற்கு யு.ஏ.என். செயல்பாட்டில் இருக்கணும், ஆதார் போன்ற விவரங்களும் இணைந்திருக்கணும். வந்த மெசேஜைப் படிப்பவர், கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டியதா என்று தானே தெரிந்துகொள்வார்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு?

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்கள் திருப்பூரில் ஏராளம். அவர்களில் பலருக்கு இரண்டு தேவை. தாய்மொழியில் எழுத்தறிவு ஒன்று, தமிழில் அன்றாடம் பேசிப் படிப்பது இன்னொன்று.

பக்கத்து மாநிலமான கேரளம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2017-ல் பெரும்பாவூரில் அந்த மாநில எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தோழன் என்று பொருள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுத்தர 'ஹமாரி மலையாளம்' என்று தனிப் புத்தகமே தயாரித்தார்கள். வேலை செய்யும் இடம், மருத்துவமனை, சுகாதாரம் போன்றவையே அதில் பாடங்கள்.

படிச்சது மறந்து போகுமா?

போகும். அறிவொளி காலம் கொடுத்த பெரிய பாடம் இது. இயக்கம் ஓய்ந்து, படிக்க எதுவும் கையில் கிடைக்காமல் போன ஊர்களில் பலர் கற்ற எழுத்தை மறந்தார்கள். பழக்கம் விட்டால் எழுத்தும் விட்டுப்போகும்.

அதனால் 200 மணி நேரம் முடிந்த பிறகும் தினம் ஏதாவது படிக்கணும். டிவியில் ஓடும் எழுத்து, செய்தித்தாளின் தலைப்பு, ரேஷன் கடை போர்டு என்று தொடங்கலாம். மேலே படிக்க நினைப்பவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வியில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் உண்டு. தமிழ்நாட்டில் 8-ம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக நேரடியாகவும் எழுதலாம். பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும்.

உலகில் இன்றும் 70 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறது யுனெஸ்கோ. அதில் பெரும்பான்மையினர் பெண்கள்.

முதல் அடி என்ன?

உங்கள் வீட்டிலோ லைனிலோ இப்படி ஒருவர் இருந்தால், அரசு முகாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரச் சம்பளச் சீட்டை எடுத்து, அதில் அவர் பெயர் எது, தொகை எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் ஷிப்ட் எண்ணிக்கை. அதற்கடுத்த வாரம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. அதோடு பக்கத்து அரசுப் பள்ளியில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

சில மாதம் கழித்து அதே ரிஜிஸ்டர் நீட்டப்படும்போது, பேனாவை வாங்கும் முன் அந்த அக்கா ஒரு நிமிஷம் நின்று படித்துப் பார்ப்பார். "இருங்க, பார்த்துட்டுப் போடறேன்" என்று அவர் சொன்னால், 200 மணி நேரம் வீண் போகவில்லை என்று அர்த்தம்.